சிவப்பு ரப்பர் பேண்டு

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது மாரத்தான் ஓடி முடித்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மண்டபம் சாலையில் இருக்கும் டீக்கடை முன்னால் எல்லோரும் கூடுவோம். ஓடியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று எப்படி ஓடினோம் என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடி சொல்லக் கூடாது. சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. இந்த இரண்டாவது விதியை மட்டும் இதுவரை ஒருவரும் மதித்ததில்லை. பேசி முடித்ததும், ஓட்டத்தில் வாங்கிய ரப்பர் பேண்டுகளை மேஜைமேல் இருக்கும் எவர்சில்வர் டம்ளரில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் பெயர் ஏறும்.

ரப்பர் பேண்டு எதற்கு என்று கேட்பீர்கள். பெரிய ஊர் மாரத்தான்களில் ஏதோ சிப் கொடுத்துவிடுகிறார்களாம், அதுவே எல்லாவற்றையும் பதிந்துகொள்ளுமாம். எங்கள் ஊரில் நடந்தது சின்ன ஓட்டம். யார் முழுத் தூரம் போனார்கள், யார் பாதியிலேயே திரும்பினார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகத் திரும்பும் இடம் ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்று நம் கையில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுவார். ஸ்ரீரங்கத்தில் கிளம்பி, திருவானைக்காவல் தாண்டி, கல்லணைச் சாலையில் ஆற்றோரமாகப் போய்த் திரும்ப வேண்டும். முழு மாரத்தான்காரர்கள் அதையே இரண்டு சுற்று ஓட வேண்டும். முதல் சுற்றின் கோடியில் பச்சை, கிளம்பிய இடத்துக்கே வந்து மறுபடி திரும்பும்போது மஞ்சள், இரண்டாவது சுற்றின் கோடியில் சிவப்பு. மூன்றும் கையில் இருந்தால் நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓடியதாகக் கணக்கு.

என்னிடம் பச்சை இருந்தது, மஞ்சள் இருந்தது. சிவப்பு இல்லை.

அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நான் இட்லி மாவுக் கடை நடத்துகிறேன். சொந்த ஊர் லால்குடிப் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். அதைப் பற்றி எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசு என்று யாராவது சொன்னால் மட்டும், வகுப்பில் பாடம் வாசிக்கச் சொல்லி எழுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து மூன்று தடவை திரும்பி வருவேன். மாவு புளிக்காவிட்டால் கவலை, சீக்கிரம் புளித்துவிட்டால் அதைவிடக் கவலை. சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடந்து பார்த்தேன். நடக்கும்போது கவலையும் கூடவே நடந்து வந்தது. என் கடைக்கு மாவு வாங்க வரும் ஒரு நர்ஸ் பெண்தான், "ஓடிப் பாருங்கக்கா, மூச்சு வாங்குறப்ப யோசிக்கவே முடியாது" என்று இந்தக் குழுவுக்கு இழுத்து வந்தாள். அவள் சொன்னது உண்மை. முதல் மாதம் சுடிதாரோடு ஷூ போட்டு ஓடியதைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மாள் "என்ன, பஸ்ஸு போயிடுச்சா?" என்று தினமும் கேட்டார். இரண்டாவது வருஷம் கேட்பதை விட்டுவிட்டார்.

மாவுக் கடைக்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. கை மணிக்கட்டில் எந்நேரமும் ஒரு கொத்து ரப்பர் பேண்டு கிடக்கும். பாக்கெட்டில் மாவை ஊற்றி, வாயை முறுக்கி, மணிக்கட்டிலிருந்து ஒன்றை உருவி இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுப்போம். கண் பார்க்காமலே கை அந்த வேலையைச் செய்யும். மாரத்தான் அன்று விடியற்காலையிலும் அந்தக் கொத்தோடுதான் போய் நின்றேன். கழற்றி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நமக்கு வளையல் மாதிரி அது.

ஓடினேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டில் நின்றவர் என் கையைத் தூக்கிப் பார்த்தார், ஏகப்பட்ட ரப்பர் பேண்டு தெரிந்தது, "சரிங்க, போங்க" என்று மெடலைக் கழுத்தில் போட்டுவிட்டார். அவ்வளவுதான் பரிசோதனை.

அன்று சாயங்காலமே கடையைத் திறந்தேன். ஞாயிறு சாயங்காலம் எங்களுக்குத் திருவிழாக் கூட்டம். திங்கள் காலை டிபனுக்கு ஊரே மாவு வாங்கும். "படுத்துக்கயேன், நான் பாத்துக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். அவர் கட்டுகிற பாக்கெட் வீடு போய்ச் சேர்வதற்குள் ஒழுகிவிடும் என்பது என் கவலை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஊற்ற ஊற்ற நான் கட்டினேன்.

சனிக்கிழமை, மறுநாள் கூட்டத்துக்கு எடுத்து வைக்கலாம் என்று தேடியபோதுதான் சிவப்பு இல்லாதது தெரிந்தது. கடை முழுக்கத் தேடினேன். கிரைண்டருக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பின்னால், ஷூவுக்குள்ளே.

"மாவுக்குள்ள விழுந்திருக்குமோ?" என்றார் வீட்டுக்காரர்.

இந்த மனிதருக்கு எதை எப்போது சொல்வது என்று தெரியாது. யாரோ ஒருவர் இட்லியைக் கடிக்க, அது இழுபடுவது வரைக்கும் எனக்குக் கண்ணில் வந்து போயிற்று.

அப்புறம் அவரே ரப்பர் பேண்டு டப்பாவைக் கவிழ்த்து ஒரு சிவப்பைத் தேடி எடுத்தார். "இந்தா. கொஞ்சம் மெலிசா இருக்கு. டம்ளருக்குள்ள போட்டா யாரு அளந்து பாக்கப் போறாங்க?"

வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று டப்பாவிலேயே போட்டேன். நேர்மையைப் பற்றிப் பெரிதாக யோசித்து அல்ல. அதைப் போட்டால், நான் ஓடவில்லை என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று பட்டது.

ஆனால் அதற்குள் வேறொரு புழு உள்ளே புகுந்துவிட்டது. கேஸை மூடினேனா என்ற அதே புழு. நான் உண்மையிலேயே அந்தக் கோடிவரை போனேனா? இரண்டாவது சுற்றில் வெயில் ஏறிவிட்டது. தலை சுற்றியது. முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை. வழியில் வேறு எங்காவது, கோடி வந்துவிட்டது என்று நினைத்து முன்னாலேயே திரும்பிவிட்டேனோ? இரவுச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அதையே யோசித்தேன். கேஸுக்கு இருப்பது போல, ஓடியதற்குத் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்க்க ஒரு குமிழ் இல்லையே.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு டீக்கடையில் பதினைந்து பேர் இருந்தோம். முழு மாரத்தான் ஓடியவர்கள் மூன்று பேர்: ஆட்டோ ஓட்டும் தம்பி, நர்ஸ், நான். நடத்துகிறவர் எப்போதும் போல எங்கள் டி.டி.ஆர். சார். ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தகராறால் இப்போது ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. ஆனால் பலகையும் மார்க்கர் பேனாவும் அவர் கையில்தான்.

முதலில் ஆட்டோத் தம்பி எழுந்தார்.

"முப்பது கிலோமீட்டர் வரைக்கும் ராஜா மாதிரி வந்தேங்க. அதுக்கப்புறம் கெண்டைக்கால் புடிச்சுது பாருங்க, கிக்கர் அடிக்க அடிக்க ஸ்டார்ட் ஆகல. நொண்டிக்கிட்டே வரேன், நம்ம ஸ்டாண்டு ஆளு ஒருத்தன் சவாரி இறக்கிட்டு காலி வண்டில பின்னாடியே வரான். 'ஏறுண்ணே, யாரு பாக்கப் போறா'ங்கறான். ரெண்டு கிலோமீட்டர் கூடவே வந்தாங்க. போடான்னாலும் போகல."

"மீட்டர் போட்டானா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நாங்க எந்தக் காலத்துல மீட்டர் போட்டோம்?"

சிரிப்பு அடங்க நேரமானது. "ஏறியிருந்தா இன்னிக்கு இங்க நிக்க மாட்டேன். கடைசில அவன்தான் தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்துட்டுப் போனான். நல்ல பய" என்று முடித்து, மூன்று பேண்டையும் டம்ளரில் போட்டார். டி.டி.ஆர். சார் டம்ளரைச் சாய்த்து மூன்று நிறத்தையும் பார்த்துவிட்டுப் பலகையில் எழுதினார்.

அடுத்தது நர்ஸ். இராத்திரி டியூட்டி பார்க்கிறவள். "எனக்குக் கிலோமீட்டர் எண்ணினா பயமா இருக்கும். அதனால எங்க வார்டு பெட் நம்பரை எண்ணிக்கிட்டு ஓடினேன். ஒண்ணாவது பெட் அம்மாவுக்கு ஒரு கிலோமீட்டர், ரெண்டாவது பெட்டுக்கு ஒண்ணுன்னு. முப்பத்தாறாவது பெட் காலி. அந்தக் கிலோமீட்டர்தான் தாங்க முடியல. நெனைக்கறதுக்கு ஆளே இல்ல."

"அங்க என்னைப் படுக்க வெச்சிருக்கலாம்" என்றார் ஆட்டோத் தம்பி.

"அன்னிக்கு நீங்க இருந்த நிலைமைக்கு, வெச்சிருப்பேன்."

அவளுடைய மூன்று பேண்டும் விழுந்தன. பலகையில் ஏறினாள்.

நான் எழுந்தேன். டீ கிளாஸைக் கீழே வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லையென்றால் அதை நினைத்துக்கொண்டே மீதியைச் சொல்ல முடியாது.

"என்கிட்ட ரெண்டு பேண்டுதான் இருக்கு. சிவப்பு தொலஞ்சு போச்சு. அன்னிக்கு சாயங்காலம் மாவுப் பாக்கெட்டுக்குப் போட்டு வித்துட்டேன்னு நினைக்கறேன்."

உடனே வெடித்த சிரிப்பில் டீ மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். நானும் சிரித்தேன்.

டி.டி.ஆர். சார் மட்டும் சிரிக்கவில்லை. "மேல சொல்லுங்கம்மா" என்றார்.

சொன்னேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததால் ஆரம்பத்திலிருந்தே ஆரம்பித்தேன். பேரீச்சம்பழம், உப்புப் பொட்டலம், பிளாஸ்டர், சேஃப்டி பின் என்று இடுப்புப் பையில் ஒரு மளிகைக் கடையைக் கட்டிக்கொண்டு ஓடியது. முதல் சுற்று முழுக்க, உளுந்து ஊற வைத்தேனா என்ற யோசனை. மஞ்சள் பேண்டு வாங்கும் இடத்தில் வீட்டுக்காரர் நின்றுகொண்டு, "ஊற வெச்சாச்சு, ஓடு" என்று கத்தியது. அதற்கப்புறம் யோசிக்க ஒன்றுமில்லாமல் போனது. இடதுபுறம் வாழைத் தோட்டம், வலதுபுறம் ஆறு, நடுவில் நான். கட்டைவிரல் நகம் ஷூவில் இடித்து இடித்து வலி மரத்துப்போனது. ஓடுவேன், ஒரு மின்கம்ப தூரம் நடப்பேன், மறுபடி ஓடுவேன்.

சொல்லிக்கொண்டே வந்தபோது, நான் தேடாமலே அது வந்தது.

"கோடில ஒரு காலேஜ் பொண்ணு குடை புடிச்சுக்கிட்டு நாற்காலில உக்காந்திருந்துச்சு. ஒரு காலுல செருப்பு இல்ல. வார் அறுந்து போச்சாம். அந்தச் செருப்பை மடில வெச்சுக்கிட்டு, சிவப்பு ரப்பர் பேண்டைப் போட்டுக் கட்டப் பாக்குது, அகலமா இருக்கறதால நிக்கல. என் கையைப் பாத்துட்டு, 'அக்கா, இவ்வளவு வெச்சிருக்கீங்களே, ரெண்டு குடுங்களேன்'னு கேட்டுச்சு. நான் நின்னு, என் கடை பேண்டு நாலை எடுத்து, பாக்கெட்டுக் கட்டற மாதிரி முறுக்கி செருப்பைக் கட்டிக் குடுத்தேன். அப்புறம் அதுவா என் கைல சிவப்பை மாட்டிச்சு. 'நாலு குடுத்து ஒண்ணு வாங்கறீங்கக்கா'ன்னு சொல்லிச்சு."

நர்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "ஆமா சார். நான் போனப்ப அந்தப் பொண்ணு ஒத்தச் செருப்போடதான் நின்னுட்டு இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலையே. அக்கா அங்க போகாம எப்படித் தெரியும்?"

"குறுக்க வந்தவங்க ஆறு மணி நேரமா எடுத்துப்பாங்க?" என்றார் ஆட்டோத் தம்பி. "பாதில திரும்பியிருந்தா, அக்கா வேகத்துக்குக்கூட அதுக்குள்ள வந்து டீ குடிச்சு முடிச்சிருப்பாங்க. சார், எழுதுங்க."

டி.டி.ஆர். சார் மார்க்கரின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"நான் அம்மாவைத் தப்பா சொல்லலை. ஆனா ஒருத்தர்கிட்ட டிக்கெட் கேட்டுட்டு, இன்னொருத்தர்கிட்ட கதை கேட்டேன்னா அது சரியா? டிக்கெட் எடுத்தேன், காத்துல பறந்துடுச்சுன்னு எத்தனை பேரு சொல்லிக் கேட்டிருப்பேன். அதுல பாதிப் பேரு உண்மையைத்தான் சொன்னாங்க. எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது. செருப்பு சாட்சி சொல்லாதும்மா."

அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் பத்து தடவை கேட்டிருப்பேன். விசித்திரம் என்னவென்றால், முந்தின நாள் முழுக்க என்னைக் குடைந்த கேள்வி அப்போது எங்கேயும் இல்லை. அந்தச் செருப்பின் வாரைப் பிடித்த விரலில் அதன் பிசுபிசுப்பு இன்னும் இருப்பது போல் இருந்தது.

"நான் ஓடினேன் சார்" என்றேன். "எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம். ஆனா நான் முழுசா ஓடினேன்."

வழக்கமாக நான் எதைச் சொன்னாலும் 'னு நினைக்கறேன்' என்று ஒரு வால் வைத்துத்தான் சொல்வேன். அன்று வைக்கவில்லை. பச்சையையும் மஞ்சளையும் டம்ளரில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் பலகைக்குப் போனார். நர்ஸின் பெயருக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டார். "இடம் விட்டு வெக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். வீட்டுக்காரர் ஆவலோடு கேட்டார், "ஏத்துனாங்களா?"

"இடம் விட்டிருக்காங்க."

"அந்த மெலிசு சிவப்பையே போட்டிருக்கலாம்ல?"

"அதைப் போட்டிருந்தா இப்படித் தூங்க முடியாது" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் இரண்டு மணி நேரம் அசந்து தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தூங்கியதாக எனக்கு நினைவே இல்லை.

சாயங்காலம் கடையில் கூட்டம். வரிசையில் ஐந்தாவது ஆளாக டி.டி.ஆர். சார் நின்றார். வழக்கமாக அவர் வீட்டம்மாதான் மாவு வாங்க வருவார். இவர் எங்கள் சந்துக்கு வந்ததே இல்லை. முறை வந்ததும் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பந்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரப்பர் பேண்டுப் பந்து. ஐம்பதுக்குக் குறையாது, பாதிக்கு மேல் என் கடையுடையவை.

"எங்க வீட்டுல சமையலறைக் குழாய்ல மாட்டி மாட்டி வெச்சிருக்காங்கம்மா. ஓட்டல் பார்சல் பேண்டு, பூக்கட்டு பேண்டு, உங்க கடை பேண்டு, எதையும் தூக்கிப் போடறதில்லை. காலைல டீக்கடைலேருந்து போயி கை கழுவப் போறேன், குழாய் கழுத்துல இது." பந்திலிருந்து ஒன்றைப் பிரித்து எடுத்தார். அகலமாக, பட்டையாக, சிவப்பாக இருந்தது.

பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"தினம் அந்தக் குழாயைத்தான் திறந்து மூடறேன்" என்றார் சார். "ஒரு வாரமா என் மூக்குக்கு முன்னாடி தொங்கியிருக்கு. சர்வீஸ்ல இருந்தப்ப இப்படி விட்டிருந்தா மெமோ குடுத்திருப்பாங்க."

மன்னிப்பு மாதிரி எதுவும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மூன்று டிக்கெட்டில் ஒன்று குறைந்தால் கேட்பவர்தான், கிடைத்ததும் வரிசையில் நின்று தானே கொண்டு வருவார்.

"ஒரு கிலோ குடுங்க" என்றார்.

வீட்டுக்காரர் ஊற்றினார். நான் வாயை முறுக்கினேன். அந்தச் சிவப்பை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி அவரிடம் நீட்டினேன். இந்த முறை என் கண் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"அம்மா, இது டம்ளருக்குப் போக வேண்டியது."

"நீங்க பாத்துட்டீங்கல்ல சார். பாக்கெட் ஒழுகக் கூடாது, அதுதான் முக்கியம்."

அவர் பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், டிக்கெட்டைப் பார்ப்பது போல. தலையை ஆட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஓடக் கிளம்பியபோது டீக்கடைப் பலகையில் விட்டு வைத்த இடம் நிரம்பியிருந்தது. டம்ளரில், மாவு காய்ந்து ஒட்டிய சிவப்பு ரப்பர் பேண்டு ஒன்று கிடந்தது. நான் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு கொள்ளிடம் பாலத்துப் பக்கம் ஓட ஆரம்பித்தேன். தெருமுனை தாண்டிய பிறகுதான், கேஸை ஒரு தடவைதான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பவில்லை.